பச்சை மூடிக்குக் குளிர் ஆகாது

1. பதினொன்று ஐந்து

பதினொன்று ஐந்துக்குத் தவறு நடந்தது. பதினொன்று நாற்பத்தைந்துக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. நடுவில் இருந்த நாற்பது நிமிடமும் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

இலுப்பூரில் இருபத்தைந்து வருடமாக ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். முன்னறையில் ரத்தம் எடுப்போம். பின்னறையில் ஏ.சி. போட்டு, ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் மெஷினை வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில், நடக்கிற வழியிலேயே, ஃப்ரிட்ஜ் நிற்கிறது. பூட்டுப் போட்ட ஃப்ரிட்ஜ். பகலில் திறந்தே இருக்கும், சாவி என் சட்டைப் பையில் இருக்கும். எங்களைப் போன்ற சின்ன ஊர் லேப்களில் பாதி டெஸ்டுகளைப் பெரிய ஊருக்கு அனுப்பித்தான் செய்ய வேண்டும். ஆகவே வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது: “வெளியூர் போற சாம்பிள் கையில நிக்கக் கூடாது. எடுத்தியா, ஃப்ரிட்ஜுல வச்சியான்னு இருக்கணும்.” நம் ஊர் வெயிலுக்கு அது சரியான விதிதான்.

இரண்டு வருடத்துக்கு முன், மே மாதம், ஒரு புதன்கிழமை. என் மகள் பிரின்சிக்கு அப்போது பதிமூன்று வயது. அன்று அவள் கையிலிருந்தும் என் கையிலிருந்தும் பத்துப் பத்து மில்லி ரத்தம், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து தடவிய பச்சை மூடி டியூப்களில் எடுத்தோம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போக வேண்டிய ரத்தம் அது. அதற்கு நிபந்தனை ஒன்றே ஒன்று: குளிரில் வைக்கக் கூடாது. உள்ளே மெஷின் அறையில் இருபத்து நான்கு டிகிரியில் ஒரு ஸ்டாண்டைத் தயாராக வைத்து, ‘குளிர் வேண்டாம்’ என்று பிளாஸ்திரியில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

பிரின்சிக்கு நரம்பு கிடைக்காது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி ஏற்றி எல்லாம் உள்ளே போய்விட்டது. என் லேபில் ரத்தம் எடுக்கிற முத்துலெட்சுமி கை தேர்ந்தவள். அவளுக்கே மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. பிரின்சி அழவில்லை. “இதுதானப்பா கடைசி?” என்று மட்டும் கேட்டாள். “இதோட லீவு முடியிற வரைக்கும் ஊசியே கிடையாது. சத்தியம்,” என்றேன். அவளை அவள் அம்மா செலின் அன்னவாசல் பஸ்ஸில் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

டியூப்களை எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்கு நடந்தேன். எட்டே அடி தூரம். அப்போது வாசலில் உரக்கடை ராமையா ஐயா வந்து நின்றார்.

“ஏம்ப்பா, நேத்துக் குத்துனது பத்தலையா? ஒரு ஆளுக்கு எத்தனை வாட்டி ரத்தம் எடுப்பீங்க?”

“நேத்து எடுத்தது டியூப்லயே ஒறைஞ்சு போச்சுங்கய்யா. சந்தேகமான ரத்தத்துக்கு ரிப்போர்ட் குடுக்கிறது இல்ல. அது நம்ம லேப் பழக்கம்.”

“பழக்கம் ஒனக்கு, குத்து எனக்கா?”

சிரித்தேன். அவரை உட்காரச் சொன்னேன். முத்துலெட்சுமியைக் கூப்பிட்டேன். அவரிடம் பேசிக்கொண்டே என் கை ஃப்ரிட்ஜைத் திறந்து பச்சை மூடி இரண்டையும் உள்ளே வைத்து மூடிவிட்டது. இருபத்தைந்து வருடப் பழக்கம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. பூச்சி மாத்திரை

பிரின்சிக்கு நான்கு வயதிலிருந்து கட்டி வரும். கழுத்தில், அக்குளில், தலையில். ஆனால் சாதாரணக் கட்டி மாதிரி சிவக்காது, தொட்டால் சுடாது, பெரிதாக வலிக்கவும் செய்யாது. உள்ளே சீழ் மட்டும் இருக்கும். தோலில் எப்போதும் சொறி. ரத்தத்தை என் மெஷினில்தான் ஓட்டுவேன். நூற்றுக்கு ஆறுக்குள் இருக்க வேண்டிய இயோசினோபில் என்ற வெள்ளை அணு பதினாறு, பதினெட்டு என்று நிற்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் இயோசினோபில் கூடினால் முதலில் என்ன சொல்வோம் என்று. வயிற்றில் பூச்சி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் அது ஆபத்தான பதில். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிடும். டாக்டர் எழுதும் முன்பே நானே பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவேன். எட்டு வருடத்தில் என் பெண் விழுங்கிய பூச்சி மாத்திரை ஒரு தெருவுக்கே போதும்.

இரண்டு முறை நிமோனியா வந்தது. இரண்டாவது முறை திருச்சியில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே குழந்தைகள் டாக்டர் தொண்டையைப் பார்க்க டார்ச் அடித்தவர், தொண்டையை விட்டுவிட்டுப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசுன்னீங்கள்ல? பால் பல்லு ஆறு அப்படியே இருக்கே. புதுசெல்லாம் பின்னாடி மொளைக்குது.”

“அது கொஞ்சம் லேட்டுங்க டாக்டர்.”

“கட்டி வந்தா சுடுமா?”

அந்தக் கேள்வியை எட்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. விழாத பால் பல், சுடாத கட்டி, நுரையீரல், இயோசினோபில் என்று நான்கு இடத்தில் நான்கு பேர் தனித்தனியாகப் பார்த்ததை அவர் ஒரே வரியில் எழுதினார். ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். ஸ்டாட் 3 என்ற ஜீனில் ஓர் எழுத்து மாறியிருப்பதாக முடிவு வந்தது. அந்த மாற்றம் எனக்கும் இல்லை, செலினுக்கும் இல்லை, பிள்ளையிடம் புதிதாக வந்தது. ஆனால் அதே மாற்றத்தை இதற்கு முன் யாரிடமும் பார்த்ததில்லையாம். அதுதான் நோய்க்குக் காரணமா, சும்மா இருக்கும் மாற்றமா, நிச்சயமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

நிச்சயமில்லை என்றால் வைத்தியமும் நிச்சயமில்லை. அடுத்த நிமோனியா வரும்வரை காத்திருப்பதா, இல்லை ஆயுள் முழுக்க மருந்தைத் தொடங்குவதா என்பதுதான் கேள்வி. திருச்சி டாக்டர்தான் பெங்களூரில் இதையே ஆராய்கிற சுகன்யா மேடத்தின் நம்பரைக் கொடுத்தார்.

3. மடை திறக்கும் ஜோடி

சுகன்யா மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் தேவகோட்டை. முதல் போனிலேயே கேட்டார்: “ஒங்க ஊர்ல கண்மாய் இருக்கா சார்?”

“கண்மாய்க்கு என்னங்க பஞ்சம்? தண்ணிக்குத்தான்.”

சிரித்துவிட்டுச் சொன்னார். “நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் டி.என்.ஏ நூல் இருக்கு. புரத உருண்டைமேல சுத்திச் சுத்தி அடைச்சு வச்சிருக்கு. அந்தச் சுருட்டுக்குத்தான் குரோமாட்டின்னு பேரு. ஜீன் எல்லா செல்லுலயும் இருக்கு சார். ஆனா இறுக்கிச் சுத்துன எடத்தைப் படிக்க முடியாது. கண்மாய் நெறைய தண்ணி நிக்குது, மடை மூடியிருக்குன்னு வச்சுக்கங்க. வயலுக்குத் தண்ணி வருமா?”

“வராதுங்க.”

“கிருமி வந்துருச்சுன்னு தகவல் வந்தா, வெள்ளை அணுவுல எந்த மடையத் திறக்கணுமோ அங்க போய்க் கை வைக்கிறதுக்குன்னு சில புரதங்க இருக்கு. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு சொல்லுவோம். நூல்ல தன்னோட எடம் எதுன்னு அதுக்குத் தெரியும். சுருட்டைத் தளர்த்துற ஆளு, படிக்கிற ஆளு எல்லாத்தையும் அங்க கூட்டிட்டு வரும். ஸ்டாட் 3 அதுல ஒண்ணு. அது தனியாப் போகாது, ரெண்டு ரெண்டாச் சேர்ந்துதான் உள்ள போகும்.”

“பாப்பாவுக்கு அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டு ஜீன்ல ஒண்ணு நல்லாத்தானே இருக்குங்க?”

“அங்கதான் சார் சிக்கல். நல்ல ஆளும் பாதி, கோளாறான ஆளும் பாதி. ஜோடி சேர்ந்தா நாலு ஜோடியில மூணுல ஒரு கோளாறு ஆளாவது மாட்டிக்குவான். அவன் மடைப் பலகையில கையும் வைப்பான், தூக்கவும் மாட்டான், நல்லவனையும் தூக்க விடமாட்டான். இதெல்லாம் என் ஊகம். செல்லைப் பார்த்தாத்தான் நிச்சயம்.”

உயிருள்ள வெள்ளை அணுவுக்குச் செயற்கையாக அந்தத் தகவலைக் கொடுப்பார்களாம். பிறகு, சுருட்டுத் தளர்ந்த இடத்தில் மட்டும் புகுந்து வெட்டி அடையாளம் வைக்கிற ஒரு என்சைமை விடுவார்கள். எங்கெங்கே அடையாளம் விழுகிறதோ அங்கெல்லாம் மடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் என் ரத்தம். செல் சாகாமல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

“குளிர்ல மட்டும் வச்சுடாதீங்க சார். ஒங்க மாதிரி லேப்காரங்க எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. குளிர்ல செல்லு மந்தமாயிரும். அப்புறம் கூப்பிட்டாலும் ஒழுங்காக் கேக்காது.”

“எனக்குத் தெரியாதுங்களா மேடம்?” என்றேன்.

4. பஞ்சு

பதினொன்று நாற்பத்தைந்துக்கு முத்துலெட்சுமி ஏதோ எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அண்ணே... பச்சை மூடி ரெண்டும் ஏன் உள்ள இருக்கு?”

நான் ஓடிப்போய் எடுத்தேன். கை சில்லிட்டது. டியூப்மேல் ஈரம் பனித்திருந்தது. பஞ்சை எடுத்து அந்த ஈரத்தைத் துடைத்தேன். இரண்டையும் நன்றாகத் துடைத்து, ‘குளிர் வேண்டாம்’ என்று எழுதிய ஸ்டாண்டில் வைத்தேன். அந்தத் துடைப்பு எதற்கு என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்க வேண்டும். ரத்தத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத் துடைத்தேன்.

முத்துலெட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். “பாப்பாவ மறுபடி குத்தணுமேண்ணே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

எனக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. என் ரத்தமும் பிரின்சி ரத்தமும் ஒரே ஃப்ரிட்ஜில், ஒரே நேரம் இருந்தவை. கெட்டிருந்தால் சமமாகத்தானே கெட்டிருக்கும்? ஒன்றரைக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கூரியர் கார் வருகிறது. அனுப்பிவிடலாம்.

முன்னறை பெஞ்சிலிருந்து ராமையா ஐயா குரல் கொடுத்தார். “என்னப்பா, ஆச்சா? இன்னைக்காச்சும் சந்தேகமில்லாத ரத்தம்தானே?”

அவர் விளையாட்டாகக் கேட்டது. எத்தனை பேரை இதே பெஞ்சில் உட்காரவைத்து, ‘சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுக்கணும்’ என்று முகம் மாறாமல் சொல்லியிருப்பேன். மற்றவர்கள் கையாக இருந்தவரை அந்த விதி எனக்குக் கனக்கவே இல்லை.

சுகன்யா மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“எவ்வளவு நேரம் சார்?”

“நாப்பது நிமிசங்க. ரெண்டும் சேர்ந்துதான் இருந்துச்சு. சமமாக் கழிச்சுப் பார்க்க முடியாதுங்களா?”

“ரெண்டு பேரு ஒண்ணா மழையில நனைஞ்சா ரெண்டு பேருக்கும் ஒரே அளவாவா சார் காய்ச்சல் வரும்? பாப்பா செல்லுல மடை திறக்கலைன்னா, அது நோயா, ஒங்க ஃப்ரிட்ஜான்னு நான் எதை வச்சுச் சொல்றது?”

“நான் சொல்லாம அனுப்பியிருந்தா?”

“நம்பியிருப்பேன் சார்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் காதில் நிற்கிறது. “முடிஞ்சா மறுபடி எடுங்க. பழசையும் தனியாப் பேர் எழுதி அனுப்புங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்.”

மணி பன்னிரண்டு ஐந்து. செலினுக்குப் போன் போட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

“ஏங்க, இருபத்தஞ்சு வருசமா தூக்கத்துலகூட ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜுன்னு பேசினா வேற என்ன நடக்கும்? ஊரு ரத்தத்தை எல்லாம் பத்திரமாப் பார்த்தீங்க, பெத்த புள்ள ரத்தத்தை மட்டும் இப்படிப் பண்ணிட்டீங்களே.” மூச்சு வாங்கினாள். “நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க அவகிட்ட.”

போன் பிரின்சி கைக்கு மாறியது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பஞ்சால் துடைத்ததையும் சொன்னேன். மறுபடி எடுக்க வேண்டும், ஒன்றரைக்குள் எடுக்க வேண்டும், அவளுக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றேன்.

“ம்,” என்றாள். போன் வைக்கப்பட்டது.

5. பஸ் வருவதற்குள்

அடுத்த பஸ் வந்து சேரப் பன்னிரண்டு ஐம்பது ஆகும். அதில் அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. முத்துலெட்சுமியிடம் கையை நீட்டி என் ரத்தத்தை மறுபடி கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டேன். அந்தக் காத்திருப்பை எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பதில், பின்னால் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார். இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில், தகவல் கொடுத்ததும் என் செல்களில் திறக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகத் திறந்திருந்தது. பிரின்சியின் செல்களில் அதே இடங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. ஸ்டாட் 3 மாற்றம்தான் காரணம் என்பது உறுதியானது. குளிரில் இருந்த முதல் ஜோடியைப் பற்றியும் கேட்டேன். “அதுல நீங்களே பாதி நோயாளி சார்,” என்றார். என் ரத்தமும் சரியாகத் திறக்கவில்லை. அதை மட்டும் அனுப்பியிருந்தால் அப்பனும் மகளும் கிட்டத்தட்ட ஒன்று என்று தெரிந்திருக்கும். மறுபடியும் ‘நிச்சயமில்லை’ என்றே எழுதியிருப்பார்கள். நாங்கள் அடுத்த நிமோனியாவுக்குக் காத்திருந்திருப்போம்.

உறுதியானதும் திருச்சி டாக்டர் வைத்தியத்தைத் தொடங்கினார். கிருமி தொற்றாமலிருக்கத் தினமும் மாத்திரை, தோலுக்குத் தனிக் கவனிப்பு, நெஞ்சுக்கு அவ்வப்போது ஸ்கேன். பால் பல் ஆறையும் இரண்டு தவணையாகப் பிடுங்கினார்கள். ஜீனை மாற்ற முடியாது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நிமோனியா வரவில்லை. கட்டி இரண்டு முறைதான் வந்தது. இப்போது பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். சொறி குறைந்த கையில் வளையல் போட்டுக்கொண்டு, நான் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை ஞாபகப்படுத்தினால், “போட்டு அரை மணி நேரமாச்சு, நீங்க ஒங்க பிரஷர் மாத்திரையப் போட்டீங்களா?” என்கிறாள். வீட்டில் இப்போதெல்லாம் சண்டை போனைப் பற்றித்தான் வருகிறது. அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்குத்தான் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. அவள் இருமினால் இரவில் விழித்துக்கொள்கிறேன். லேபில் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முதலில் மூடிகளின் நிறத்தைப் பார்க்கிறேன், ஒரு முறை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்து பார்க்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். எந்த டியூப்பையும் கையில் எடுத்த பிறகு வாயைத் திறக்காதீர்கள். ராமையா ஐயாவாக இருந்தாலும் ஒரு நிமிடம் காத்திருக்கட்டும். மற்றது, தவறு தெரிந்ததும் உங்கள் கை பஞ்சைத் தேடும். பஞ்சை வைத்துவிட்டுப் போனை எடுங்கள்.

6. பன்னிரண்டு ஐம்பது

பஸ் ஐந்து நிமிடம் தாமதம். இறங்கியவர்களில் முதலில் செலின் தெரிந்தாள், என்னைப் பார்த்து முறைத்தாள். அவளுக்குப் பின்னால் பிரின்சி. இடது கையில் காலையில் போட்ட மூன்று பிளாஸ்திரி. வலது சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டிருந்தாள். அந்தக் கை வெயிலில் கன்றிப் போய் முழங்கைவரை சிவந்திருந்தது.

என்னைத் தாண்டி நேராக உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“அக்கா, பஸ்ல வலது பக்கம் ஜன்னலோரம் ஒக்காந்து, வழியெல்லாம் கைய வெயில்ல காட்டிக்கிட்டே வந்தேன். தண்ணியும் ரெண்டு பாட்டில் குடிச்சிருக்கேன். நரம்பு எந்திரிச்சிருக்கு, பாருங்க. ஒரே குத்துதான் குடுப்பேன், பாத்துக்குங்க.”

முத்துலெட்சுமி தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நரம்பு இருந்தது.

அப்போதுதான் பிரின்சி என் பக்கம் திரும்பினாள். கன்றிய கையை அசைக்காமல் மற்றக் கையை நீட்டினாள்.

“நீங்க வெளியில நில்லுங்கப்பா. போறதுக்கு முன்னாடி அந்த ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க.”